மடிப்புக்குள் மேட்டுக்குளத் தெரு

லோகேஸ்வரி பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டதற்கு எல்லோரிடமும் சொன்ன காரணம் தூரம்தான். அது எல்லோருக்கும் ஒத்துப்போகிற காரணமாகவும் இருந்தது, ஏனென்றால் ஆற்றோரத்தில் இருந்த புங்கந்தோட்டத்தை இடித்து, அங்கிருந்த அத்தனை குடும்பத்தையும் லாரியில் ஏற்றி, நகரம் முடிந்து, சதுப்பு நிலமும் முடிந்து, அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டே போய் இறக்கிவிட்ட அந்த மாடிக் குடியிருப்பின் ஜே பிளாக்கில் யாரை எதைக் கேட்டாலும் பதில் தூரம்தான்; வேலை ஏன் போச்சு, தூரம்; நிச்சயம் பண்ணின கல்யாணம் ஏன் நின்னுச்சு, தூரம்; பால் ஏன் திரிஞ்சுது, அதுவும் தூரம்.

லோகுவின் அம்மா பேபி மட்டும் வேலையை விடவில்லை. பழைய புங்கந்தோட்டத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு டாக்டர் வீட்டில் சமையல். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, லோகுவின் அப்பா எங்கே ஓடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. இருட்டிலேயே எழுந்து, பிளாக்கிலிருந்து மெயின் ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் வீங்கின காலோடு நடந்து, அங்கிருந்து பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். டாக்டரம்மா நல்ல மாதிரிதான், ஆனால் காலை டிபனுக்கு நல்ல மாதிரியெல்லாம் தெரியாது. "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆள் பாத்துக்குறேன் பேபி" என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் சைக்கிள். அம்மாவை பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட. அதுவும் மடிக்கிற சைக்கிள், ஏனென்றால் ஜே பிளாக்கில் கீழே நிறுத்தின சைக்கிளுக்குக் காலையில் சக்கரம் இருக்காது, லிஃப்ட்டோ திறப்பு விழாவுக்கு மட்டும் ஓடியது.

பழைய சைக்கிள் கடை நூர் பாய் மூன்றை எடுத்துப் போட்டார். முதலாவது வெளிநாட்டுச் சரக்கு, ஒரு கையால் தூக்கலாம், ஆனால் சக்கரம் இட்லித் தட்டு மாதிரி இருந்தது, பிளாக் ரோட்டுப் பள்ளம் அதைப் பல்லில் படாமல் முழுங்கிவிடும். இரண்டாவதில் கியரெல்லாம் இருந்தது, பார்க்க ராஜா, நடுவில் பிடித்து ஆட்டினால் கீல் விழப்போகிற பல் மாதிரி லொடலொடவென்று ஆடியது. மூன்றாவது பாசி நிறம், கனம், சீட்டு கிழிந்திருந்தது, ஆனால் மடித்து கிளிப்பை அழுத்தினால் டக் என்று ஒரு சத்தம், சண்டையில் கடைசி வார்த்தை சொல்லி முடித்த மாதிரி. லோகு அதை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள், பாய்க்குக் கடுப்பாகிவிட்டது.

"இன்னா பாப்பா, சைக்கிள் வாங்க வந்தியா, கதவு வாங்க வந்தியா?"

"ஓடுறதுக்கு எல்லா சைக்கிளும்தான் ஓடும் பாய். இது மடியணும்."

"பாசி கலரு. பொம்பளப் புள்ளைங்க பிங்க்குதான் கேக்கும்."

"அவங்க வந்தா குடு. சீட்டுக் கம்பியை ஏத்து."

மடிக்கும்போது இடிக்காதபடி கேரியரை அறுத்துக் குட்டையாக்கினாள், அதன்மேல் யார் வீட்டிலோ தூக்கிப்போட்ட சோபாவின் பஞ்சை வைத்து ரெக்சின் தைத்துக் கட்டினாள், அம்மாவின் உடம்புக்கு அதுதான் சிம்மாசனம். ஹேண்டில்பாரில் குடம் மாட்டக் கொக்கி, ஐஸ் வண்டிக்காரனிடம் வாங்கின வெண்கல மணி. மட்கார்டில் பேர் எழுதச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். பேர் எழுதினால் அந்தப் பேருக்குத் தக்கபடி நடக்கணும், அதுக்கெல்லாம் அவளிடம் பொறுமை கிடையாது.

பூஜை போட்டது ஜே பிளாக் வாசலில். இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு எலுமிச்சம்பழம் என்றுதான் பேபி வாங்கிவைத்திருந்தாள், ஆனால் முந்தின நாள் ஒன்றை ஊறுகாய் ஆசையில் நறுக்கிவிட்டாள். மிச்சம் ஒன்று. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற டில்லிபாபு, எதற்கும் ஒரு வழி வைத்திருக்கிற ஆள், சைக்கிளை மடித்து நிறுத்தினான். மடித்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதுகளுக்கு அடியில் ஒரே பழத்தை வைத்து நசுக்கினான். "ஒரே பழத்துல ரெண்டு சக்கரமும் ஏறிடுச்சு, சாமி கணக்கு பாக்காது" என்றான். மற்ற எல்லோரும் தேங்காய்ச் சில்லுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சாமி கணக்குப் பார்க்காது, சரி. சைக்கிள் பார்த்தது.

மறுநாள் அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு லோகு திரும்பி வரவில்லை. புது சைக்கிளை பஸ் ஸ்டாப் வரைக்கும் மட்டும் ஓட்டுவது புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற மாதிரி. ஓட்டினாள். சதுப்பு நிலத்தைத் தாண்டி, குப்பைமேட்டைத் தாண்டி, கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி, இடையில் என்னென்ன தெரு, என்னென்ன கடை என்று எதையும் பார்க்காமல், தலையைக் குனிந்து பெடலை மட்டும் பார்த்துக்கொண்டு, தொடை எரிய எரிய, வெயில் உச்சியில் நிற்கும்போது டாக்டர் வீட்டுச் சந்துக்கு வந்து சேர்ந்தாள். வாட்ச்மேன் சைக்கிளை உள்ளே விடமாட்டேன் என்றார். "சைக்கிள் இல்லண்ணா, இது பெட்டி" என்று சொல்லி லோகு அதை மடித்து கிளிப்பை அழுத்தினாள்.

டக்.

திரும்பிப் பார்த்தால் சந்து முடிகிற இடத்தில், மாநகராட்சிக் குப்பைத் தொட்டிக்கு அந்தப் பக்கம், ஜே பிளாக் நின்றுகொண்டிருந்தது. கீழ்வீட்டு எல்லம்மாக்கா, மீன் விற்கிறவள், வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியாடி? அந்தக் கொடியை இழுத்து அந்தப் போஸ்ட்ல கட்டு" என்றாள்.

லோகு கட்டினாள். அந்தப் போஸ்ட் நகரத்து போஸ்ட்.

அன்றைக்குச் சாயங்காலம் பேபி வேலை முடித்து, பஸ் காசை முந்தானையில் முடிந்தபடியே சந்தைக் கடந்து வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு பஸ்ல கூட்டமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கினாள். சைக்கிள் மடிந்திருக்கிற வரைக்கும் கிளம்பின இடமும் போய்ச்சேர்ந்த இடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை ஜே பிளாக் ஒரு வாரத்துக்குள் பழகிக்கொண்டது, தண்ணி லாரி வருகிற நேரத்தைப் பழகிக்கொண்ட மாதிரி. எல்லம்மாக்கா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பழைய மார்க்கெட்டுக்குப் போய் பழைய இடத்திலேயே உட்கார்ந்து, இடைப்பட்ட நாளில் அங்கே வந்து உட்கார்ந்திருந்தவளை எழுப்பிவிட்டு, "பாத்ரூம் போயிருந்தேன்" என்றாள். நின்றுபோன கல்யாணம் மறுபடி பேசப்பட்டு, மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு சந்து முனையைத் தாண்டி வந்து, இவ்வளவு கிட்டேயா இருக்கீங்க என்று கோபித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் மழை பெய்தால் இந்தப் பக்கத்துப் பெண்கள் ஓடிப்போய் வடகத்தை எடுத்தார்கள், மழை பாதி வாசலில் நின்றுவிடும்போது இதுகளை எடுப்பதா வேண்டாமா என்று குழம்பி மறுபடி காயப்போட்டார்கள்.

டில்லிபாபுவின் ஷேர் ஆட்டோவில் ஏற ஆள் இல்லாமல் போனது. அவன் ரெண்டு நாள் கத்தினான், மூன்றாம் நாள் ஆட்டோவின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஸ்டவ் வைத்து பஜ்ஜி போட்டான். ரெண்டு ஊர்க் கூட்டமும் ஒரே இடத்தில் நின்று தின்றதில், டீசல் போட்டுச் சுற்றினதைவிட அது நன்றாகவே ஓடியது.

பிள்ளைகள் பழைய ஸ்கூலுக்கே போனார்கள். லோகு படித்த ஸ்கூல் இப்போது அவள் வீட்டு ஜன்னலிலிருந்து எச்சில் துப்பினால் விழுகிற தூரம். ஹெச்.எம். ஒருநாள் சந்து முனையில் நின்று, "தூரம்னுதானே நின்ன, இப்போ வா" என்று கூப்பிட்டார். உள்ளே கெமிஸ்ட்ரி மிஸ் யாரையோ திட்டுகிற குரல் கேட்டது, அந்தக் குரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தூரம் மட்டும் காரணம் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, அது தெரிந்ததில் அவளுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை. "வரல சார்" என்றாள். "ஏன்?" என்றார். "தெரியல சார்" என்றாள். அதுதான் உண்மை.

இதில் ஒருத்திக்கு மட்டும் பெரிய நஷ்டம், அது லோகுவுக்கு. சைக்கிளை ஓட்ட முடியாது. ஓட்டணும் என்றால் விரிக்கணும், விரித்தால் ஊர் போச்சு. ஜே பிளாக் ஆட்கள் சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த பிள்ளையார் கூண்டுக்குள் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பூட்டி, சாவியை பேபியிடம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை அதுக்கும் சேர்த்து மாலை விழுந்தது. பஞ்சு வைத்த கேரியரில் சுண்டல் தட்டு வைத்தார்கள்.

"ஓட்டுறதுக்குத்தானேம்மா வாங்குனோம்?"

"நான் வேலைக்குப் போறதுக்கு வாங்குனோம். போறேன் இல்ல? சும்மா இரு."

பேபியின் கால் வீக்கம் வடிந்திருந்தது. லோகு சும்மா இருந்தாள்.

ரெண்டு ஊரும் சேர்கிற இடத்தில், குப்பைத் தொட்டிக்கும் ஜே பிளாக் வாசலுக்கும் நடுவே, தரையில் ஒரு கோடு இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த பட்டுப்புடவையில் விழுந்திருக்கிற மடிப்பு மாதிரி, விரல் நுழையாத கோடு. அதிலிருந்து காற்று வந்தது, பஸ் ஹாரன் சன்னமாக வந்தது, குக்கர் விசில் வந்தது, ஒரு பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் வந்து, ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கியது. பக்கத்து வீட்டு டி.வி. மாதிரி முதலில் தொந்தரவாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. எலி வரும் என்று எல்லம்மாக்கா பழைய பாவாடையைக் கிழித்து அதில் அடைத்தாள். அது என்ன சத்தம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நல்லா இருக்கும்போது எவன் கேட்பான்.

ஒரு மத்தியானம் லோகு அங்கே குத்துக்கால் போட்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். பாவாடைத் துணிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா அந்தாண்ட?"

லோகு துணியை உருவினாள். "யாரு?"

"எம் பேரு குணவதிம்மா. எம் பொண்ணுக்கு இடுப்பு வலி வந்துடுச்சு. ஆம்புலன்சுக்கு போன் போட்டா, மேட்டுக்குளத் தெருவுக்கு வழியே காட்டலங்குறாங்க. நாங்களும் தெருமுனை வரைக்கும் நடந்து பாத்துட்டோம், நடந்தா திரும்பி எங்க வீட்டு வாசலுக்கே வர்றோம். கொஞ்ச நாளாவே இப்படித்தான் கீது. பஸ் போவுது, அதே பஸ் திரும்பி வருது, எறங்குறவங்க யாரும் இல்ல. நீ எங்கம்மா கீறே?"

லோகு வாயில் இருந்த பஜ்ஜியை மெல்லவும் இல்லை, முழுங்கவும் இல்லை. அவள் அந்த ரோட்டில்தான் சைக்கிள் ஓட்டிப்போயிருந்தாள், குனிந்த தலையோடு. மேட்டுக்குளத் தெரு என்று ஒன்றை அவள் பார்க்கவேயில்லை.

"எத்தினி நேரமா வலி?"

"விடிஞ்சதுலேர்ந்து."

சாவி வீட்டில் அரிசி டப்பாவுக்குள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அம்மா எதையும் அங்கேதான் ஒளித்துவைப்பாள். கூண்டைத் திறந்து மாலையைக் கழற்றி பிள்ளையாருக்கே போட்டுவிட்டு சைக்கிளை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கூடையோடு அந்தப் பக்கம் கிளம்பிய எல்லம்மாக்கா பார்த்துவிட்டாள்.

"ஏய், இன்னா பண்றே?"

"உள்ள ஒரு பொண்ணு வலி எடுத்துக் கெடக்குதுக்கா. ரோடு வேணும்."

"எந்த உள்ள?"

"இந்த உள்ள" என்று கோட்டைக் காட்டினாள்.

எல்லம்மாக்கா கூடையைக் கீழே வைத்து, குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். குணவதி அழுதுகொண்டிருந்தாள். எல்லம்மாக்காவின் முகம் என்னவோ ஆனது, ஆனாலும் நிமிர்ந்தவள், "எம் பொழப்பு அந்தாண்ட கீதுடி. உங்கம்மாவும் அந்தாண்டதான் கீறா. பஸ்ல வந்து சேர்றதுக்கு இருட்டிடும். நாளைக்கு டாக்டரம்மா வீட்ல இன்னா சொல்லுவே?" என்றாள்.

"தெரியலக்கா."

"தெரியாமத்தான் பண்ணுவியா?"

"ஆமா."

பஜ்ஜிக் கரண்டியோடு டில்லிபாபு ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான். "லோகு, ஒரு நாள் பொறு, கூட்டம் போட்டுப் பேசுவோம்" என்றான். குழந்தை கூட்டத்துக்கெல்லாம் காத்திருக்காது அண்ணா என்று சொல்லி, கிளிப்பைத் தூக்கி, அவள் சைக்கிளை விரித்தாள்.

சுருட்டிவைத்த பாயை உதறினால் விரிகிற மாதிரி ரோடு விரிந்தது. குப்பைத் தொட்டி பின்வாங்கிப் போனது, டாக்டர் வீட்டுச் சந்து அதன் பின்னாலேயே போனது, எல்லம்மாக்காவின் துணிக்கொடி இழுபட்டு அறுந்து நாலு ஜாக்கெட்டும் ஒரு லுங்கியும் நகரத்தோடு போயின. இடையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன, குப்பைமேடு எழுந்தது, நாரைகள் ஒன்றும் நடக்காத மாதிரி சதுப்பில் நின்றன, இத்தனை நாளும் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்த பஸ்ஸும் லாரியும் பைக்கும் ஒரே நேரத்தில் போகிற இடத்துக்குப் போகப் பார்த்து, ஒன்றின் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன.

லோகு ஏறி மிதித்தாள். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டே போகவேண்டியிருந்தது, அந்த ரோட்டில் இவ்வளவு தெரு இருக்கிறது என்று யார் நினைத்தார்கள், ஒவ்வொரு தெருவிலும் ஆட்கள் வாசலில் வந்து நின்று, நெடுந்தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சதுப்பு முடிந்து ஒரு பால் பூத்துக்குப் பக்கத்தில் மேட்டுக்குளத் தெரு என்று போர்டு இருந்தது. வாசலில் நின்ற பொம்பளைதான் குணவதி, குரலை வைத்துக் கண்டுபிடித்தாள்.

"அந்தாண்டயிருந்து பேசுனது நீதானா? சின்னப் பொண்ணாக் கீறே."

"ஆம்புலன்ஸ்?"

"வந்துக்கினே கீதாம். ஜாம்ல நிக்குதாம். எங்க நிக்குதோ, எப்போ வருமோ."

உள்ளே அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லோகுவைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும். லோகு போனை எடுத்தாள்.

"டில்லிண்ணா, ஆட்டோவை எடுத்துக்கினு வா. மேட்டுக்குளத் தெரு."

"அது எங்க கீது?"

"நீ இத்தினி வருஷமா ஓட்டுன ரோட்டுலதான் கீது."

போனில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"பால் பூத் ஒண்ணு இருக்குமே, பக்கத்துல?"

"அதேதான்."

"சட்டியில பஜ்ஜி வெந்துக்கினு கீதே."

"எடுத்துட்டு வாண்ணா. கருகினா கருகட்டும்."

அவன் குறுக்குச் சந்தெல்லாம் புகுந்து, ரோட்டோரத்து மண்ணிலேயே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எதிர்த்திசையிலிருந்து பேபியும் வந்தாள். அவளுக்கு விஷயம் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. மத்தியானச் சமையலை முடித்துச் சந்து முனைக்கு வந்தால் அங்கே ஜே பிளாக் இல்லை, எல்லம்மாக்காவின் ஜாக்கெட் மட்டும் கிடந்தது. பஸ் ஏறி, பஸ் நின்று, இறங்கி நடந்து வந்தவள், பாசி நிற சைக்கிள் ஒரு தெருவின் வாயில் விரிந்து நிற்பதைப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டுடி விரிச்சே?"

"யாரையும் கேக்கல."

"டாக்டரம்மாவுக்கு போன் பண்ணி நாளைலேர்ந்து முன்ன மாதிரி லேட்டாவும்னு சொன்னேன். வேற ஆள் பாத்துக்குறேன்னு போனை வெச்சிட்டாங்க. தெரியுமா உனக்கு? வீட்டு அரிசி யாரு வாங்குவா, உன் சைக்கிளா?"

தப்பு பண்ணிட்டேன் என்று சொன்னால் பொய், சரியாத்தான் பண்ணேன் என்று சொன்னாலும் முழுசாக நிஜமில்லை. "தெரியும்மா" என்று மட்டும் லோகு சொன்னாள்.

பேபி அடிக்கக் கையை ஓங்கினாள். அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் கத்தினாள். ஓங்கின கை அப்படியே நின்று, கீழே இறங்கி, செருப்பைக் கழற்றியது. பேபி வீட்டுக்குள் போய்விட்டாள், கூப்பிட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆட்டோவில் பின்சீட்டு இல்லை. ஸ்டவ்வையும் சட்டியையும் தூக்கி வெளியே வைத்து, லோகு கேரியரிலிருந்து பஞ்சு மெத்தையை அறுத்துக்கொடுக்க, அதன்மேல் அவளைச் சாய்த்து, ஒரு பக்கம் குணவதியும் ஒரு பக்கம் பேபியும் மடக்கின காலோடு உட்கார்ந்தார்கள். கடலை மாவு வாடை அடித்தது. "மூச்சை விடும்மா, நல்லா விடு" என்று பேபி சொல்லிக்கொண்டிருந்தாள், மகளைத் திட்டின அதே குரலில்.

ஆட்டோ நகரப்போகும்போது பேபி தலையை வெளியே நீட்டினாள்.

"சைக்கிளை மடிச்சுத் தொலைச்சுடாதேடி. நாங்க ரோட்டுல போயிக்கினு இருப்போம்."

ஆட்டோ போய்விட்டது. தெரியாத தெருவில், தெரியாத வீட்டு வாசலில், ஒரு பஜ்ஜிச் சட்டிக்கும் ஸ்டவ்வுக்கும் காவலாக லோகு நின்றாள். போன் அடித்தது, எல்லம்மாக்கா. ஜே பிளாக் மொத்தமும் அவளைச் சுற்றி நிற்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"அந்தப் பொண்ணு போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா. அம்மாவும் கூடப் போயிருக்கா."

"அப்போ நீ அந்தாண்ட போய் மடி. எம் மீனெல்லாம் கெட்டுப்போவுது."

"எங்கம்மா ரோட்டுல கீறாக்கா."

எல்லம்மாக்கா பக்கத்தில் நின்றவர்களிடம் என்னவோ கேட்டாள்.

"சரி, அவ வந்தப்புறம் மடி."

"அப்போ வேற யாராச்சும் இருப்பாங்க."

"அப்போ எப்போதாண்டி மடிப்பே?"

"ரோட்டுல யாருமே இல்லாதப்போ."

"அது எப்போ?"

லோகு ரோட்டைப் பார்த்தாள். ஜாம் மெதுவாக அவிழ்ந்துகொண்டிருந்தது. ஒரு பஸ்ஸின் ஜன்னலில் யூனிஃபார்ம் போட்ட சின்னப் பையன் ஒருத்தன் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டே போனான். பின்னால் தண்ணி லாரி, அதற்குப் பின்னால் கண் தெரிகிற வரைக்கும் வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஆட்கள்.

"தெரியலக்கா" என்றாள்.